காத்திரு என்ற சொல்லுக்குள் ஒரு காவற்காரன்

மாசி மாதக் காலை. புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் வலை வளைத்த தோணி திரும்பிக்கொண்டிருந்தது. கரையை ஒட்டிய தேத்தண்ணிக் கடையின் வாங்கில் நானும் என்னிடம் முன்பு தமிழ் படித்த ஒரு பொடியனும் இருந்தோம். அவனுடைய அண்ணனுக்குக் கத்தாரில் வேலை. ஆடித் திருவிழாவுக்கு லீவு கிடைத்திருப்பதாக இரவு செய்தி அனுப்பியிருந்தார். பதில் எழுதப் போனை எடுத்தவன், "உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், இதுல வாற காத்து என்ன காத்து? வீசுற காத்தா?"

நல்ல கேள்வி. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குக் காத்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது காற்றுத்தான். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து அடித்தால் கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து வாழ்கிற ஊர். கச்சான் எப்போது அடங்கும் என்று மாதக்கணக்காகப் பார்த்திருக்கிற ஊரும்கூட. ஆனாலும் இந்த இரண்டு காத்தும் ஒன்றல்ல தம்பி என்றேன். காற்றுக்குப் பழைய பெயர் கால். அதிலிருந்து காற்று வந்தது. பேச்சில் அது காத்து ஆயிற்று. ஆற்றங்கரை ஆத்தங்கரை ஆனதைப் போல, நேற்று நேத்து ஆனதைப் போல. நீ எழுதியிருக்கிற காத்து அப்படித் தேய்ந்து வந்ததல்ல. அது கா என்ற வினைச்சொல். காக்கிறான், காத்தான், காப்பான் என்கிறோமே, அந்தக் கா.

"காவல் காக்கிறதா?"

அதேதான்.

அவன் திரும்பவும் போனைப் பார்த்தான். அண்ணனுக்காகக் காவல் இருக்கிறோம் என்றா எழுதியிருக்கிறேன் என்று நினைத்திருப்பான். ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தான். இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, இன்னும் இரண்டு பிளேன்ரீ சொன்னேன்.

கா என்பது ஓரெழுத்துச் சொல். தமிழில் இப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் பெரிய குடும்பத்துக்குத் தலைவர். காவல், காவலன், காவற்காரன் எல்லாம் கா பெற்ற பிள்ளைகள். கையில் போடுகிற காப்பும் இதன் பிள்ளைதான். முதலில் அது அழகுக்குப் போட்டதல்ல, தீங்கு அண்டாதிருக்கக் கட்டியது. பழைய நூல்களின் தொடக்கத்தில் நூல் இடையூறின்றி முடிய வேண்டுமென்று கடவுளை வேண்டிப் பாடுவதைக் காப்புச் செய்யுள் என்கிறோம். திருவிழாவில் மஞ்சள் நூலால் கையில் கட்டுவதும் காப்பு. மரங்கள் நிறைந்த சோலைக்குக் கா என்று பெயர் வந்தது, அது காக்கப்பட்ட இடம் என்பதால் என்பார்கள். திருவானைக்கா என்ற ஊர்ப்பெயரின் கடைசியில் இருக்கிறதே, அந்தக் கா.

இங்கே ஓர் இடத்தில் வழுக்கி விழாமல் நடக்க வேண்டும். நம் பேச்சில் "அந்த மூட்டையைக் காவிக்கொண்டு வா" என்கிறோம். அந்தக் காவு வேறு குடும்பம். தோளில் சுமக்கிற தண்டுக்கும் பழந்தமிழில் கா என்ற பெயர் இருந்தது. காவடி அதன் வழி வந்தது. எழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

சரி, காப்பது எப்படி எதிர்பார்ப்பது ஆயிற்று? இது நம் பேச்சில் நேற்று நடந்த மாற்றம் இல்லை. கன்னடத்தில் காயு என்றால் காவல் காப்பதும்தான், ஒருவருக்காகக் காத்திருப்பதும்தான். இரண்டுக்கும் ஒரே சொல். தெலுங்கில் காச்சு என்ற வினையிலும் காப்பதும் பார்த்திருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மலையாளத்தில் காத்திரிக்குக என்று நம்மைப் போலவே சொல்கிறார்கள். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே பதிவின் கீழே வரிசையாக நிற்கும். இத்தனை மொழிகளில் இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே இருப்பதால், அந்த மொழிகள் பிரியும் முன்பே காவலும் காத்திருப்பும் ஒட்டிவிட்டன என்று நினைக்க இடமிருக்கிறது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. நம்மோடு எந்த உறவும் இல்லாத ஆங்கிலமும் இதே வழியில் நடந்திருக்கிறது. வெயிட் என்ற சொல் பழைய வட பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னே போனால் ஜெர்மானிய மொழிகளில் விழித்திருந்து காவல் பார்ப்பதைக் குறித்த ஒரு சொல்லில் போய் நிற்கும். ஆங்கிலத்தின் வாட்ச் அதே வேரின் இன்னொரு கிளை. உன் பள்ளிக்கூட வாசலில் கதிரை போட்டு இருக்கிறாரே வொச்சர், அவரும் வெயிட் பண்ணுகிறவரும் வேரில் ஒரே ஆள் என்றேன்.

அவனுக்கு இது பிடித்துவிட்டது. வொச்சர் ஐயா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "கேட்டடியில இருப்பாரு. யாராச்சும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டே இருப்பாரு." இடம் விட்டு அசையக் கூடாது, கண் அயரக் கூடாது, வருகிற திசையை விட்டுப் பார்வை விலகக் கூடாது. காவலுக்கு வேண்டியவை இவை. அன்புள்ள ஒருவரை எதிர்பார்த்து வாசற்படியில் இருப்பவளிடம் இருப்பவையும் இவைதானே? வருகிறவர் பகையா உறவா என்பது ஒன்றுதான் வேறுபாடு. அதை மட்டும் மாற்றிவிட்டால், காவல் நின்றவர் காத்திருப்பவர் ஆகிவிடுகிறார்.

அந்தச் சொல்லின் இரண்டாம் பாதியையும் விட்டுவிடக் கூடாது. காத்து என்பதோடு இரு சேர்ந்தால் காத்திரு. நில் சேர்ந்தால் காத்து நில். கிட சேர்ந்தால் காத்துக் கிட. மனிதர்கள் இருக்கிற நிலையைப் பார்த்துத் தமிழ் சொல்லைத் தேர்கிறது. கிளினிக் நாள்களில் விடிய முன்னே போய் வரிசை பிடிக்கிற தாய்மார் காத்து நிற்கிறார்கள். படித்து முடித்து வேலைக்கு ஆண்டுக்கணக்காய் விண்ணப்பம் போடுகிற பிள்ளை காத்துக் கிடக்கிறான். கிட என்று வந்துவிட்டால் அதில் எழும்ப முடியாத ஒரு சோர்வு வந்துவிடும். காத்திரு என்பதில் அது இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற சொல் அது. அண்ணனுக்கு எழுத நீ தேர்ந்த சொல் சரியானதுதான் என்றேன்.

தேத்தண்ணி வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்ததால் அவன் வாய் வைக்க முடியாமல் கடைக்கார அண்ணனிடம் ஆற்றித் தரச் சொன்னான். அவர் கோப்பையை வாங்கி, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றக் கையை இடுப்பளவில் தாழ்த்தி, சிவந்த நீரை ஒரு நாடா போல இழுத்து இழுத்து ஊற்றினார். நாலைந்து முறை மேலும் கீழும் போய் வந்தபின் மேலே நுரை கட்டியது. கோப்பையை வாங்கிலே வைத்தார். இப்போது குடிக்கலாம்.

ஆற்றுதல். இதையும் பார் தம்பி என்றேன். சூடு ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். ஆறுதல் என்ற சொல் அதிலிருந்து வந்தது. தானாகத் தணிந்தால் ஆறுதல், நாம் தணித்தால் ஆற்றுதல். தொல்காப்பியம் ஐந்து திணைகளுக்கும் ஐந்து உரிப்பொருளைச் சொல்கிறது. முல்லைக்கு உரியது இருத்தல். தலைவன் பிரிந்து போயிருக்கிறான், தலைவி வீட்டில் இருக்கிறாள். வெறும் இருத்தல் என்று விட்டால் விளங்காது என்று, பின்னால் வந்த உரைகாரர்கள் அதை ஆற்றியிருத்தல் என்று விரித்தார்கள். தன் நெஞ்சின் கொதிப்பைத் தானே மேலும் கீழும் ஊற்றித் தணித்துக்கொண்டு இருத்தல். கடைக்கார அண்ணன் செய்ததை உள்ளுக்குள்ளே செய்வது. இதைவிட நுட்பமாகக் காத்திருப்பைச் சொன்ன சொல்லை நான் இன்னும் படித்ததில்லை.

"சேர், நாங்க முல்லை இல்லையே. நெய்தல் எல்லோ?"

பாடத்தை மறக்கவில்லை. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அங்கேயும் பிரிவுதான், இங்கேயும் பிரிவுதான். காட்டில் காத்திருப்பவள் ஆற்றியிருக்க, கரையில் காத்திருப்பவள் ஏன் இரங்கி அழ வேண்டும்? எனக்குத் தோன்றுகிற விடை இது. முல்லைத் தலைவன் நாள் சொல்லிவிட்டுப் போகிறான். கார்காலம் தொடங்கும்போது வருவேன் என்பது அவன் வாக்கு. மழை இடிப்பதும் முல்லை பூப்பதும் அவளுக்குக் கணக்கு. கடலுக்குப் போனவன் அப்படி நாள் குறிக்க முடியாது. இந்தக் கரையில் பிறந்தவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. பொழுது சாய்ந்தும் ஒரு வள்ளம் வராவிட்டால் கரையில் பெண்கள் எப்படிக் கூடுவார்கள், பேச்சு எப்படிக் குறையும் என்று அவனும் பார்த்திருக்கிறான். நெய்தலுக்குச் சொன்ன சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் கதிரவன். பாடு என்றால் படுதல், சாய்தல். பெரும்பாலோர் கொள்ளும் பொருள் அது. பொழுது படுகிற நேரத்தைக் கடற்கரைக்கு வைத்தவர்கள் ஏதோ ஒரு கரையில் நின்று பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

பாடு என்றதும் அவன் தலை நிமிர்ந்தது. அது அவனுடைய சொல். கரைவலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். அகப்பட்ட மீனுக்கு மீன்பாடு. விடிந்தால் இந்தக் கரையில் ஒருவரை ஒருவர் சுகம் கேட்கும் முன்னே கேட்பது மீன்பாட்டைத்தான். படு என்ற வினை நீண்டு பாடு ஆனது. சுடு சூடு ஆனதைப் போல. வலையில் படுவது பாடு, பொழுது படுவதும் பாடு, மனிதர் படுவதும் பாடு.

இதற்குள் தோணி கரை தட்டியிருந்தது. அறியாதவர்களுக்குக் கரைவலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். கயிறு முடிந்த இடத்தில் வலை இறங்கும். நடுவே மடி, அதாவது மீன் போய்ச் சேருகிற பை. பிறகு மற்றப் பக்கத்து வலை, அதன் பிறகு மறுகயிறு. அரைவட்டம் அடித்து, புறப்பட்ட இடத்துக்குத் தள்ளிக் கரையேறும். இரண்டு முனையிலும் ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். உடப்பில் இந்த இழுவையின்போது பாடுகிற அம்பாப் பாட்டு பெயர் பெற்றது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் பிடிக்குக் கயிறு வரும். இப்போது இந்தக் கரையோரத்தில் சில இடங்களில் டிராக்டரில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். வேலை சுலபம். ஆனால் பாட்டுக்கு அங்கே வேலையில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

கயிறு இழுக்கிறவர்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசி ஆள் மேட்டுக்குப் போனதும் கயிற்றை விட்டு முன்னே வந்து தண்ணீருக்குள் இறங்கிப் பிடிக்கிறார். நனைந்த கயிறு மணலில் பாம்புச் சுருளாய்ச் சேர்கிறது. யாரும் கயிற்றைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் தூரத்தில் மடிக்கு மேலே மிதக்கிற மிதப்பில் இருக்கும். அனுபவப்பட்ட ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைக் காட்டுவார். இந்தப் பக்கம் இறுக்கு, அந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்து. ஒரு முனை முந்தினால் வலை சரிந்து மீன் வெளியே போய்விடும். மடி கரையேறும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. பெருமீன் இருக்கலாம், சூடை நிறைந்திருக்கலாம், வெறும் சொறியாகவும் இருக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இந்தத் தெரியாமையை முப்பது பேர் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காத்தல், காத்திருத்தல் இரண்டும் எங்கே ஒன்றாகின்றன என்று கேட்டால் நான் அந்தக் கயிற்றைத்தான் காட்டுவேன். இருக்கிறதோ இல்லையோ என்றிருக்கிற மீனைத் தப்பவிடாமல் காக்கிறார்கள். அதே நேரம் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

சித்திரை கழிந்து கச்சான் பிடித்துவிட்டால் இந்தக் கடல் கொந்தளிக்கும்; கரைவலைக்கு ஆகாது. முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கங்களுக்குக் கரை மாறிப் போய் அங்கே வாடி அடித்துத் தொழில் செய்கிற வழக்கம் இந்தப் பகுதியாருக்கு உண்டு. போகாதவர்கள் வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள். அந்த மாதங்களில் கரையில் யாரைக் கேட்டாலும் "பாத்துக்கொண்டிருக்கிறம்" என்பார்கள். பேச்சில் நமக்கு இதுதான் காத்திருப்பதற்குச் சொல். காத்திருக்கிறோம் என்று வாயால் யாரும் சொல்வதில்லை. எழுதும்போதுதான் அது வருகிறது.

"ஓம் சேர். அம்மா போன்ல உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டுதான் சொல்லுவா."

கடையில் நிற்கும்போது வேறு சொற்கள். "பொறுங்கோ", "கொஞ்சம் நில்லுங்கோ". பொறு என்றால் சுமையைத் தாங்கு. பொறை என்ற சொல்லுக்குச் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். வள்ளுவர் பதினாறாவது அதிகாரத்துக்கு வைத்த பெயர் பொறையுடைமை. ஆகவே "பொறுங்கோ" என்று ஒருவரிடம் சொல்கிறவர், தம் தாமதத்தின் பாரத்தை அவர் தோளில் வைக்கிறார் என்று அர்த்தம். நான் இதை எண்ணியபின் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். காத்திருந்து ஒன்றும் ஆகாவிட்டால் "மினக்கெட்டதுதான் மிச்சம்" என்கிறோம். வினை கெட்டது என்பதுதான் மினக்கெட்டது என்று திரிந்தது. செய்யவிருந்த வேலை கெட்டுப்போயிற்று என்ற முறைப்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எழுத்துத் தமிழில் எதிர்பார் என்று இன்னொன்று. எதிர் என்றால் முன்னே, நேரே. வருகிறவர் நேரே வருவார் என்று அந்தத் திசையில் கண்ணை வைப்பது எதிர்பார்த்தல். வந்தபின் நாலடி நடந்து போய் வரவேற்பது எதிர்கொள்ளுதல். இன்னும் வராத காலத்துக்கு எதிர்காலம் என்று பெயர் வைத்ததும் அந்தக் கண்ணால்தான்: அது நம்மை நோக்கி நடந்து வருகிறது. திருக்குறளின் கடைசிப் பகுதியில் இதைவிடத் துடிப்பான ஒரு சொல் இருக்கிறது, விதும்பல். 127ஆம் அதிகாரத்தின் பெயர் அவர்வயின் விதும்பல். விரைந்து துடிப்பது என்று பொருள். பிரிந்தவன் போன நாள்களைச் சுவரில் கோடிட்டு, அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்துபோன ஒருத்தியோடு அந்த அதிகாரம் தொடங்குகிறது. விதும்பல் பேச்சிலிருந்து போய்விட்டது. திரும்பி வந்தால் மகிழ்வேன். லீவு டிக்கட் எடுத்தாயிற்று என்ற செய்தி வந்த இரவில் ஒரு வீட்டில் நடப்பதற்கு வேறு சரியான சொல் நம்மிடம் இல்லை.

இந்தக் கரையில் நடந்த ஒரு காத்திருப்பை உனக்குச் சொல்கிறேன் என்றேன். 1344ஆம் ஆண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தமிழகத்து மாபருக்குப் போகப் புறப்பட்டவர், காற்று ஒத்துவராமல் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் பத்தாலா என்று எழுதிய ஊரைப் புத்தளம் என்று கொள்கிறார்கள். அங்கே ஆரியச்சக்கரவர்த்தி இருந்தார். பாரசீக மொழி அறிந்த மன்னர்; வந்தவரை அன்போடு நடத்தினார். இப்னு பதூதா கேட்ட வரம் ஒன்று: மலைமேல் இருக்கிற பாதச்சுவட்டைத் தரிசிக்கப் போக வேண்டும். மன்னர் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தார். கப்பல் என்ன ஆவது? கப்பல் தலைவனிடம் கேட்டபோது, ஓராண்டு ஆனாலும் நீங்கள் திரும்பும்வரை புறப்பட மாட்டேன் என்றானாம். மன்னர், அதுவரை அவன் என் விருந்தாளி என்றாராம். இப்னு பதூதா மலையேறிய கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கப்பல் தலைவன்தான் நினைவில் நிற்கிறான். பயணி கண்காணாத மலைக்காட்டில் நடந்துகொண்டிருந்த நாள்களில் அவன் இந்தக் கடற்கரையில் என்ன செய்திருப்பான்? கப்பலைக் காத்திருப்பான். கயிறு இற்றுப்போகாமல், பலகை வாய் விடாமல், ஆட்கள் கலைந்து போகாமல். அவன் காத்திருந்தான் என்று எழுதினால் அதற்கு இரண்டு பொருளும் பொருந்தும். போனவர் திரும்பி வந்தார். அதே ஆட்களோடு மாபருக்குப் புறப்பட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் காத்திருப்பைப் பற்றிப் பேசுவது சரியல்ல.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம் மாவட்டத்தில். கற்பிட்டி, ஆலங்குடா, புத்தளம் நகரம் என்று ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. முகாம் என்ற பெயர் வந்தது. முகாம் அரபியிலிருந்து வந்த சொல். நிற்றல், தங்குதல் என்ற பொருளுடைய வேர். கொஞ்ச நாள் நிற்கிற இடம். அந்தக் கொஞ்ச நாள் இருபது ஆண்டுகளைக் கடந்தது. கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் கொட்டிலில் பிள்ளை பெற்றார்கள். 2007இல் உலக வங்கி உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்து கல் வீடுகள் எழுந்தன. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் போக முயன்று மீண்டும் வந்தார்கள், பலர் இங்கேயே ஊன்றிவிட்டார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஆலங்குடாப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வயது முதிர்ந்த உம்மா ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ஊரில் விட்டு வந்த காணியின் உறுதி. மடிப்பு விழுந்த இடங்களில் கிழியாதிருக்கப் பின்புறம் மெல்லிய துணி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னே வெயிலில் விரித்துக் காயவைத்து, பூச்சிக்கு வேப்பிலை வைத்து, திரும்பவும் சுற்றி வைப்பாராம். காணிப் பத்திரத்தை நாம் இந்த நாட்டில் உறுதி என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லின் முழுப் பாரத்தையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். எப்படி இத்தனை வருடம் என்று கேட்டேன். "ஸபுர்தான் மகன்" என்றார். அரபியில் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது கட்டி நிறுத்துதல், அடக்கிப் பிடித்தல். நமது பொறு சுமையைத் தாங்குகிறது. அவர்களது ஸபுர் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறது. அந்த உம்மாவிடம் இரண்டும் இருந்தன. காத்திருக்கிறார் என்ற சொல்லை அவரைப் பார்த்தபின் நான் வேறு மாதிரித்தான் வாசிக்கிறேன். அவர் காத்தது அந்தக் காகிதத்தை. அதைக் காத்ததனால் அவர் காத்திருந்தார். என்றைக்கு அது பூச்சி அரித்துப் போகட்டும் என்று விட்டிருப்பாரோ, அன்றைக்கு அவருடைய காத்திருப்பும் நின்றிருக்கும்.

சொல்லி முடித்தபோது தேத்தண்ணி முற்றாக ஆறிப்போயிருந்தது. பொடியன் ஒன்றும் பேசவில்லை. கரையில் இழுவை தொடங்கிவிட்டது. இந்த முனையில் ஆள் குறைவென்று யாரோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். அவன் எழும்பினான், திரும்பவும் இருந்தான்.

"அப்ப சேர், நாங்க அண்ணனுக்கு என்னத்தக் காக்கிறம்?"

நான் விடை சொல்லவில்லை. அது அவனுக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் யோசித்தான். "அண்ணன்ட மோட்டார் சைக்கிள் வீட்டுல நிக்குது சேர். நான் ஓடுறேல்ல. ஓடக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. ஆனா ஞாயிற்றுக்கிழமையில வெளிய எடுத்து ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் விடுவன். இல்லாட்டி பெற்றி செத்துப்போயிரும். ரெண்டு வருசமா."

சொல்லிவிட்டுப் போனை எடுத்து, அந்த வரியை அப்படியே அனுப்பினான். போனை என் கையில் தந்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றடிக்கு ஓடினான்.